பதுங்கும் புலிக்குப் பட்டினிதான்

போன தீபாவளிக்கு மறுநாள் இரவு. சுங்கை பட்டாணியில் என் தங்கை வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்து நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். நான், மச்சான், பக்கத்து வீட்டு அண்ணன், தங்கை மகன். நடுவில் பழைய மைலோ டின் ஒன்று, அது நிறைய ரப்பர் விதைகள். ஆளுக்கு நூறு விதை எண்ணி வாங்கிக்கொண்டு லிமிட் ஹோல்டம் போக்கர் ஆடிக்கொண்டிருந்தோம்.

மருமகன் கையில் எட்டு ஜோடி. பாயில் விரிந்த முதல் மூன்று சீட்டு: இஸ்பேட் ராஜா, இஸ்பேட் எட்டு, டைமன் ஐந்து. அதாவது அவனுக்கு மூன்று எட்டு. அந்த நேரத்தில் அந்தப் பாயில் அவன் சீட்டை வெல்லச் சீட்டே இல்லை என்று சொல்லிவிடலாம். மற்ற மூவரும் பந்தயம் வைக்காமல் விட்டோம். கடைசியாகப் பேச வேண்டியவன் அவன். அவனும் ஒன்றும் வைக்காமல் விட்டான். நான்காம் சீட்டு டைமன் இரண்டு. மச்சான் 4 விதை வைத்தார், அண்ணன் கட்டினார், நான் சீட்டைக் கவிழ்த்தேன். மருமகன் ஏற்றவில்லை. அப்பாவிப் பிள்ளை மாதிரி 4 விதையைக் கட்டினான். ஐந்தாம் சீட்டு ஒரு ராணி. மச்சான் மறுபடி 4 வைத்தார். இஸ்பேட்டுக்குக் காத்திருந்த அண்ணன் கவிழ்த்தார். அப்போதுதான் பையன் நிமிர்ந்து உட்கார்ந்து 8 ஆக ஏற்றினான். மச்சான் கட்டினார், தோற்றார். கூடமே கைதட்டியது.

"புலி பதுங்குறது பாயறதுக்குத்தான் மாமா" என்றான் என்னிடம். தோற்ற அப்பாவுக்கும் பெருமை தாங்கவில்லை. "எங்கிட்டதான் கத்துக்கிட்டான்" என்றார். அவரும் ராஜா ஜோடியோடு முதல் விரிப்பில் பதுங்கியிருந்தவர்தான்.

பையன் ஜெயித்தான், உண்மை. ஆனால் தப்பாக ஜெயித்தான். இந்த ஒரு வாக்கியத்தைப் புரியவைக்கத்தான் இதை எழுதுகிறேன். லூனாஸ் கடைத்தெருவில் கேளுங்கள், பாடாங் செராயில் கேளுங்கள், கூலிமில் புதிதாகக் குடிவந்த தொழிற்சாலைப் பிள்ளைகளைக் கேளுங்கள். எல்லோரும் ஒரே வேதம் சொல்வார்கள்: நல்ல சீட்டு வந்தால் மூச்சு விடாதே, முகத்தில் காட்டாதே, அடுத்தவனை முன்னே விடு, கடைசியில் பாய். இது தவறு. எல்லை கட்டிய பந்தய ஆட்டத்தில் பெருந்தவறு. நல்ல சீட்டுக்குக் கிடைக்க வேண்டிய கூலியைத் தன் கையாலேயே வெட்டிக்கொள்ளும் வழி.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். பிறகு எல்லோருக்கும் பொதுவாக மூன்று, அதன்பின் ஒன்று, கடைசியாக இன்னொன்று என்று ஐந்து சீட்டு விரியும். ஏழில் சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். பந்தயச் சுற்று நான்கு. முன்னவர் வைத்த அளவுக்கு ஈடாக வைப்பது கட்டுவது, வைக்காமல் ஆட்டத்தை விட்டு விலகுவது கவிழ்ப்பது. "லிமிட்" என்பதன் பொருள், யாரும் நினைத்த அளவு வைக்க முடியாது என்பது. எங்கள் கணக்கில் முதல் இரண்டு சுற்றில் 2 விதை, அடுத்த இரண்டு சுற்றில் 4 விதை. ஏற்றினாலும் அதே அளவு மடங்காகத்தான் ஏற்ற வேண்டும், அதுவும் ஒரு சுற்றில் மூன்று ஏற்றத்தோடு கதவு மூடிவிடும்.

விதை வைத்து ஆடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் காசு வைத்துச் சூதாடக் கூடாது. எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி. கள்ளுக்கடைகளை எதிர்த்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை எழுந்த மண் இது. 1946, 47ஆம் ஆண்டுகளில் கெடா தோட்டமெங்கும் பரவிய அந்தக் கிளர்ச்சியின் கதையை என் அப்பா வாயால் கேட்டு வளர்ந்தவன் நான். சம்பள நாளில் லயத்துக்குள் சூதும் கள்ளும் என்ன செய்தன என்று தெரியும். ரப்பர் விதைக்கு அந்தக் கொடுமை தெரியாது. காய் வெடித்து விழும் பருவத்தில் பொறுக்கிவந்து, சிமெண்டுத் தரையில் தேய்த்து அடுத்தவன் தொடையில் சூடு வைத்த அதே விதைதான். இழந்தால் யார் வீட்டு உலையும் நிற்காது. ஆனால் கணக்கு கணக்குதான். விதையில் தப்பாக எண்ணுகிறவன் வேறெங்கும் சரியாக எண்ணிவிடப் போவதில்லை.

இனி புலியைப் பார்ப்போம். காட்டுப் புலி பதுங்குகிறது என்றால் அதன் பாய்ச்சலுக்கு எல்லை இல்லை. மானின் கழுத்தை எட்டுகிற தூரம் வரை பாயும். பதுங்கியதற்குக் கூலியாக முழு மான் கிடைக்கிறது. லிமிட் ஆட்டத்துப் புலிக்கோ காலில் கயிறு. எவ்வளவு நேரம் பதுங்கினாலும் பாயும் தூரம் அதே 4 விதை, ஏற்றினால் 8. இரண்டு சுற்றைச் சும்மா விட்டவன் மூன்றாம் சுற்றில் இருபது விதை வைத்து ஈடுகட்ட முடியாது. விட்டது விட்டதுதான்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வெயில் ஏறுமுன் வெட்டினால் மரத்துக்குள் அழுத்தம் இருக்கும், பால் நிற்காமல் ஓடி மங்கு நிறையும். பொழுது ஏறிவிட்டால் ஓட்டம் தளர்ந்துவிடும். இன்று மழையால் வெட்டு நின்றது என்பதற்காக நாளை அந்த மரம் இரட்டிப்பாகப் பால் கொடுக்காது. ஒவ்வொரு நாள் வெட்டும் அந்த நாளோடு முடிந்த கணக்கு. லிமிட் ஆட்டத்தில் ஒவ்வொரு பந்தயச் சுற்றும் அப்படி ஒரு வெட்டு. எங்கள் அம்மா ஒரு நிறையில் ஒரு மரத்தைக்கூட விட மனம் வராமல் இருட்டில் விளக்குக் கட்டிக்கொண்டு ஓடியவர். அவர் பேரன் நான்கு சுற்றில் இரண்டைச் சும்மா விட்டுவிட்டுக் கைதட்டு வாங்குகிறான்.

இந்தப் பதுங்கல் பைத்தியம் எங்கிருந்து வந்தது? பாதி நம் பழமொழியிலிருந்து. மறுபாதி சினிமாவிலிருந்து. 1988இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் இறுதி ஆட்டம். ஜானி சானிடம் ஜாக்கியும் ஒன்பதும். பாயில் ராணி, பத்து, எட்டு. வரிசை முழுதாகச் சேர்ந்துவிட்டது, அதை வெல்ல அந்த நேரத்தில் வேறு சீட்டே கிடையாது. எதிரே எரிக் சீடலிடம் ராணி ஜோடி. சான் பதுங்கினார். சீடல் முன்னால் இருந்த அத்தனை காசையும் தள்ளினார். பட்டம் சானுக்கு, தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக. 1998இல் வந்த 'ரவுண்டர்ஸ்' படம் இந்தக் காட்சியை எடுத்துக் காட்டிய பிறகு உலகத்தில் சீட்டு பிடித்தவன் எல்லாம் ஜானி சான் ஆகிவிட்டான். இப்போது கைப்பேசியில் அதன் துண்டுக் காட்சி பார்க்காத இளவட்டம் இல்லை.

பார்க்கட்டும். ஆனால் அது எல்லை கட்டாத ஆட்டம் என்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும். சான் ஒரு சுற்றை விட்டுக்கொடுத்துச் சீடலின் மொத்தக் காசையும் வாங்கினார். சின்னதை விட்டுப் பெரியதைப் பிடித்தார், நல்ல வியாபாரம். அதே சீட்டு, அதே இருவர், லிமிட் ஆட்டமாக இருந்திருந்தால்? சீடல் தள்ளியிருக்கக்கூடியது ஒரே ஒரு பந்தயம். சான் விட்டதும் ஒரு பந்தயம், வாங்கியதும் ஒரு பந்தயம். அந்தக் காட்சியைப் படமெடுக்க யாரும் வந்திருக்க மாட்டார்கள். அங்கே இருந்ததும் இரண்டே பேர், சான் கையில் இருந்ததும் அப்போதைக்கு அசைக்க முடியாத சீட்டு. நம் பாயில் நான்கு பேர், ஐந்து பேர். நம் கையில் இருப்பது பெரும்பாலும் வெல்லக்கூடிய சீட்டு, ஆனால் வெல்ல முடியாத சீட்டு அல்ல.

எங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். பதுங்கியவர்கள் சொல்லும் வாதம் ஒன்றே ஒன்றுதான்: "அடிச்சா எல்லாரும் ஓடிப்போயிடுவான்." யார் ஓடுவார்கள் என்று ஆள் ஆளாகப் பார்ப்போம். ராஜா ஜோடி வைத்திருந்த மச்சான் ஓடுவாரா? 2 விதைக்கு அவர் ஓடமாட்டார். இரண்டு இஸ்பேட் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து இஸ்பேட் சேர இன்னும் ஒன்றுக்குக் காத்திருந்த அண்ணனும் ஓடமாட்டார். ஓடவும் கூடாது, ஏனென்றால் குவியலில் ஏற்கெனவே 8 விதை கிடக்கிறது, 2 கட்டி அதைத் துரத்துவது அவருக்கு நியாயமான கணக்கு. நான்தான் ஓடியிருப்பேன். என் கையில் ஜாக்கியும் பத்தும்.

நான் ஓடாமல் இருந்ததால் பையனுக்கு என்ன கிடைத்திருக்கும்? அடுத்த சீட்டில் எனக்கு ஜோடி விழ வேண்டும். தெரியாத 47 சீட்டில் எனக்கு உதவுவது 6. அது விழுந்து, நான் இரண்டு சுற்றும் புத்தியில்லாமல் கட்டினால் அவனுக்கு 8 விதை. 47இல் 6 முறை 8 விதை என்றால் சராசரி ஒரு விதை. இதுதான் பதுங்கலின் மொத்தப் பரிசு. அதற்கு அவன் கொடுத்த விலை? முதல் விரிப்பில் 2 வைத்திருந்தால் மச்சானும் அண்ணனும் 2, 2 கட்டியிருப்பார்கள். குவியலில் புதிதாக 6 விதை. மூன்று எட்டு பத்தில் ஏழு முறைதான் வெல்லும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 6இல் பத்துக்கு ஏழு பங்கு 4.2, அவன் போட்ட 2 போக 2.2 விதை லாபம். ஒரு விதைக்காக இரண்டு விதைக்கு மேல் கொடுப்பவனுக்குச் சந்தையில் என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

இது மச்சான் வெறுமனே கட்டியிருப்பார் என்ற கணக்கு. அவர் பதுங்கியிருந்தவர் அல்லவா? ஆட்டம் முடிந்ததும் அவரே சொன்னார்: "நீ போட்டிருந்தா நான் ஏத்தியிருப்பேன்டா." சரி, அவர் 4 ஆக ஏற்றியிருப்பார், அண்ணன் கட்டியிருப்பார், பையன் 6 ஆக ஏற்றியிருக்கலாம், இருவரும் கட்டியிருப்பார்கள். அந்த ஒரு சுற்றிலேயே 12 விதை. அடுத்த சுற்றில் பையன் 4 வைக்க இருவரும் கட்டினால் 8. கடைசியில் மச்சான் சந்தேகப்பட்டு 4 மட்டும் கட்டுகிறார் என்று வைத்தாலும், சீட்டு விரியும் முன் நாங்கள் மூவரும் போட்ட 6ஐயும் சேர்த்து மொத்தம் 30. பையன் எங்களிடமிருந்து உண்மையில் வாங்கியது 22. ஒரே புதரில் அப்பனும் மகனும் பதுங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்ததில் 8 விதை பையனுக்கு வராமலே போனது.

முதல் விரிப்பில் விட்டதைக்கூட மன்னிக்கலாம். நான்காம் சீட்டில் மச்சான் தானே வந்து 4 வைத்து, அண்ணனும் கட்டிய பிறகு, ஏற்றாமல் விட்டதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. இரண்டு மீன் தூண்டிலைக் கவ்விவிட்டன. இவன் இன்னும் கரையில் படுத்து ஒளிந்துகொண்டிருக்கிறான். அங்கே 8 ஆக ஏற்றியிருந்தால் இருவரும் ஆளுக்கு 4 கூடுதலாகக் கட்டியிருப்பார்கள். அண்ணன் அத்தனை விதை கிடக்கும் குவியலை விட்டுப் போகிறவர் இல்லை. கடைசிச் சீட்டில் அவர் இஸ்பேட் வராமல் கவிழ்த்தபோது அவரிடமிருந்து வாங்க இனி ஒன்றுமில்லை. துரத்துகிறவனிடம் வாடகையைத் துரத்தும்போதே வாங்க வேண்டும். சீட்டு வராவிட்டால் அவன் ஒரு விதையும் தரமாட்டான். வந்துவிட்டால் உன்னிடமிருந்து வாங்குவான்.

வந்துவிட்டால் என்பது சும்மா பயமுறுத்தல் இல்லை. அண்ணனுக்கு உதவும் இஸ்பேட் 9. அதில் இஸ்பேட் ஐந்து, மூன்று எட்டோடு ஓர் ஐந்து ஜோடியும் சேர்த்துப் பையனுக்கு ஃபுல்ஹவுஸ் கொடுத்துவிடும், மீதி 8. அடுத்த ஒரே சீட்டில் ஆறில் ஒரு முறை பையன் பின்னுக்குப் போயிருப்பான், அதுவும் அண்ணன் ஒரு விதை செலவழிக்காமல். அப்படி நடந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்பதும் தெரியும்: "சனி புடிச்ச சீட்டு மாமா, மூணு எட்டு வெச்சும் தோத்தேன்." பதுங்கி ஜெயித்தால் மூளை, பதுங்கித் தோற்றால் சனி. இந்த இரட்டைப் பேச்சுதான் இந்த நம்பிக்கையை உயிரோடு வைத்திருக்கிறது.

எத்தனை முறை வருகிறது இப்படி ஒரு கை? ஏதாவது ஒரு ஜோடி கையில் விழுவது 17 ஆட்டத்துக்கு ஒரு முறை. விழுந்த ஜோடி முதல் விரிப்பிலேயே மூன்றாக மாறுவது ஏறத்தாழ எட்டரை முறைக்கு ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 140 ஆட்டத்துக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டும். ஓர் இரவு முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு முறை வருமா என்பது சந்தேகம். அப்படி வந்ததைத்தான் முந்தானைக்குள் மறைக்கிறோம்.

இதே நோயின் இன்னொரு முகம் ஆஸ் ஜோடி. 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் அது கைக்கு வரும். வந்தால் நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒருவர், "ஏத்தாத, எல்லாரும் ஓடிருவான்" என்பார். மற்றவர், "ஆளு நெறைய இருந்தா ஆஸ் அடி வாங்கும், ஏத்தாம பாத்துப் போ" என்பார். ஆள் ஓடினாலும் ஏற்றக்கூடாது, ஓடாவிட்டாலும் ஏற்றக்கூடாது என்றால் அப்புறம் எதற்கு அந்தச் சீட்டு? எண்ணிப் பார்ப்போம். ஒரே ஒருவர் எதிரே இருந்து, ஏதோ இரண்டு சீட்டோடு கடைசி வரை விரித்துப் பார்த்தால் ஆஸ் ஜோடி நூற்றுக்கு 85 முறை வெல்லும். நால்வர் எதிரே இருந்தால் 56 முறைதான். அடி வாங்குவது உண்மை. ஆனால் ஆளுக்கு 2 விதை போட்டால் ஒருவரோடு ஆடும்போது குவியல் 4, என் பங்கு 3.4, லாபம் 1.4. நால்வரோடு ஆடும்போது குவியல் 10, என் பங்கு 5.6, லாபம் 3.6. தோற்கும் முறை கூடுகிறது, சேரும் விதையும் கூடுகிறது. எத்தனை ஆட்டம் ஜெயித்தேன் என்று எண்ணுகிறவனுக்கு இது புரியாது. எத்தனை விதை சேர்ந்தது என்று எண்ணுகிறவனுக்குப் புரியும். ஓடுகிறவன் ஓடட்டும், நிற்கிறவன் கட்டட்டும். இரண்டுக்கும் பதில் ஏற்றுவதுதான்.

படித்த பிள்ளைகள் இங்கே ஒரு தடை சொல்வார்கள், அது வலுவான தடை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங்கும் அவர் குழுவும் செஃபியஸ் என்ற கணினி நிரலை உருவாக்கினார்கள். 2015 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. இருவர் ஆடும் லிமிட் ஹோல்டம் ஏறக்குறைய முழுமையாகத் தீர்க்கப்பட்டுவிட்டது என்பதே அதன் அறிவிப்பு. 4,800 செயலிகள் 68 நாள் ஓடிக் கண்ட விடை. ஓர் ஆயுள் முழுக்க ஆடினாலும் அதை வென்றுவிட்டோம் என்று நிரூபிக்கும் அளவுக்கு மனிதனால் லாபம் காட்ட முடியாது. அந்தச் செஃபியஸ், சீட்டுப் போடும் இடத்தில் இருக்கும்போது, முதல் சுற்றின் கடைசி ஏற்றத்தை ஏற்றுவதே இல்லை என்று சொல்லலாம். ஆஸ் ஜோடி இருந்தாலும் பத்தாயிரத்தில் ஒரு முறைகூட அந்த ஏற்றத்தைச் செய்வதில்லை. பார்த்தீர்களா, கணினியே பதுங்குகிறதே என்பார்கள்.

பதில் சொல்கிறேன். அந்தக் கட்டத்துக்கு வரும்போது செஃபியஸ் ஏற்கெனவே ஏற்றியிருக்கிறது, எதிராளியும் திருப்பி ஏற்றியிருக்கிறான். குவியல் வளர்ந்துவிட்டது. மிச்சம் இருக்கும் ஒரே ஒரு சின்னப் பந்தயத்தைத்தான் அது தள்ளிவைக்கிறது. அடுத்த மூன்று சுற்றிலும் கடைசியாகப் பேசும் வசதி அதற்கு இருக்கிறது, அதில் இரண்டு சுற்று இரட்டைப் பந்தயம். எதிரே ஒருவர் மட்டுமே. ஓசிச் சீட்டு வாங்கிக்கொண்டு பின்னால் வரும் மூன்றாம் ஆள் இல்லை. அதே நிரல், அதே இடத்தில், ஆட்டத்தைத் திறக்கும்போது என்ன செய்கிறது? ஏற்றும், இல்லாவிட்டால் கவிழ்க்கும். ஏற்றாமல் வெறுமனே கட்டி நுழைவது நூற்றுக்கு 0.06 முறை, பத்தாயிரத்துக்கு ஆறு. எந்தக் கைக்கும் அது நூற்றுக்கு அரைக்கு மேல் போவதில்லை. நம்மவர்கள் பதுங்கல் என்று எதைச் சொல்கிறார்களோ அதைக் கணினி தொடவே இல்லை. இந்தத் தடையை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் பக்கத்தைப் படிக்காமல் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு வராதீர்கள்.

பதுங்கவே கூடாதா? கூடும், எப்போதாவது. டேவிட் ஸ்க்லான்ஸ்கி தன் போக்கர் நூலில் அதற்கான நிபந்தனைகளை அடுக்கியிருக்கிறார்: கை மிக மிக வலுவாக இருக்க வேண்டும்; இலவசமாகக் கொடுக்கும் சீட்டு மற்றவனை இரண்டாம் இடத்துக்கு உயர்த்த வேண்டும்; அதே சீட்டு உன்னைத் தோற்கடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும்; அடித்தால் எல்லோரும் நிச்சயம் ஓடுவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்; குவியல் இன்னும் பெரிதாகியிருக்கக் கூடாது. ஐந்தும் சேர வேண்டும். கையில் இரண்டு ராணி, பாயில் இரண்டு ராணி என்றால் தாராளமாகப் பதுங்குங்கள், நான் தடுக்கவில்லை. நம் வீட்டு ஆட்டத்தில் நான்காவது நிபந்தனையே உடைந்துவிடுகிறதே! இங்கே யார் ஓடுகிறார்கள்? "என்னதான் வெச்சிருக்கான், பாத்துடுவோம் லா" என்று சொல்லிச் சொல்லியே கடைசி வரை கட்டுகிற ஜனம் நாம். கட்டுவதற்கென்றே உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் ஒளிந்துகொள்வதற்கு என்ன பொருள்?

அதே சுற்றுக்குள் பதுங்கிப் பாய்வது வேறு விஷயம். பின்னால் இருப்பவன் எப்படியும் வைப்பான் என்று தெரிந்து முதலில் விட்டு, அவன் வைத்ததும் ஏற்றுவது, ஒன்றுக்குப் பதில் இரண்டு பந்தயம் வாங்கும் வேலை. மச்சான் செய்ய நினைத்தது அதுதான். யாரும் வைக்காததால் கெட்டது.

எப்போதும் அடித்தால் நம் சீட்டு என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிடாதா என்று பையன் கேட்டான். தெரியாது. இஸ்பேட்டுக்குக் காத்திருக்கும்போதும் சில வேளை அதே 2 விதையை வை, அதே முகத்தோடு வை. மூன்று எட்டுக்கும் இஸ்பேட் துரத்தலுக்கும் ஒரே சத்தம் என்றால் எதிராளி எதை வைத்துக் கண்டுபிடிப்பான்? நல்ல கையில் மௌனம், கெட்ட கையில் ஆரவாரம் என்று ஆடுகிறவனின் சீட்டுதான் கண்ணாடி மாதிரித் தெரியும். மூன்று தீபாவளியாக என் மருமகன் மௌனமானால் நான் கவிழ்த்துவிடுகிறேன்.

சீட்டில் மட்டுமல்ல, நாலு நம்பர் லாட்டரி எடுப்பதிலும் நம்மவர்கள் தொலைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கனவில் பாம்பு வந்தது, கார் இடித்தது, செத்தவர் வீட்டு எண் என்று எதையாவது பிடித்துக்கொண்டு போவார்கள். 2023 பிறந்ததிலிருந்து கெடா அரசு நம்பர் கடைகளுக்கு உரிமம் புதுப்பிப்பதை நிறுத்தியது. நாலு நம்பரில் ஒரு வெள்ளிப் பெரிய பந்தயத்துக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்து எண்ணுக்கு 180, இன்னும் பத்து எண்ணுக்கு 60. கூட்டினால் 6,400. பத்தாயிரம் எண்ணையும் எடுத்தால் செலவு பத்தாயிரம் வெள்ளி. ஒரு வெள்ளிக்குத் திரும்புவது 64 காசு. இந்தக் கூட்டலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும். ஆனால் வாழ்நாள் முழுக்க நம்பர் எடுத்தவர்களில் இதைப் போட்டுப் பார்த்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அங்கே கனவு, இங்கே பழமொழி. இரண்டு இடத்திலும் எண்ணிப் பார்க்க வேண்டிய இடத்தில் வேறொன்றை உட்கார வைத்துவிட்டோம். எனக்குக் கோபம் இதனால்தான்.

நாம் எண்ணத் தெரியாத சாதி இல்லை. என் அப்பா சட்டைப் பையில் 555 குறிப்புப் புத்தகம் வைத்திருந்தார். கொட்டகையில் பால் நிறுத்து முடிந்ததும், கிராணி தன் பேரேட்டில் எழுதுவதற்கு முன் அப்பா தன் புத்தகத்தில் எழுதிவிடுவார். எத்தனை வாளி, எத்தனை ராத்தல், ஒட்டுப்பால் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். சம்பள நாளில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் புத்தகத்தை நீட்டுவார். எழுதி வைத்திருந்ததால் வாங்கிய காசு உண்டு. எழுதாதவர்கள் வாங்காமல் வந்ததும் உண்டு. அவர் நான்காம் வகுப்பு வரை படித்தவர்.

அந்த இரவு, எல்லோரும் படுத்த பிறகு, மருமகனை உட்கார வைத்து ஆட்டத்தை முதலிலிருந்து விரித்துக் காட்டினேன். சுற்றுக்குச் சுற்று விதையை எடுத்து வைத்தோம். ஒரு பக்கம் அவன் வாங்கிய 22. மறுபக்கம் வாங்கியிருக்க வேண்டிய 30. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனா ஜெயிச்சேன்ல மாமா" என்றான்.

வரும் தீபாவளிக்கு உங்கள் வீட்டுக் கூடத்திலும் பாய் விரியும். காசு வேண்டாம், விதை போதும். இரண்டு வெள்ளிக்குள் ஒரு 555 புத்தகம் வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். மூன்று எட்டோ ஆஸ் ஜோடியோ வந்தால், உங்கள் முறை வந்ததும் விதையை எடுத்து நடுவில் வையுங்கள். எதிரே ஒருவர் ஏற்றினால் நீங்களும் ஏற்றுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்ததா தோற்றதா என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை விதை நடுவுக்கு வந்தது என்று மட்டும் எழுதுங்கள்.